எழுமாற்று எண்ணை நம்பி ஏமாற வேண்டாம்: சின்னப் போர்டுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உப்புவெளிப் பக்கத்து மீன்வாடிகளில் ஐஸ் பெட்டிகளின் வெப்பநிலையைக் கவனிக்க 14 கருவிகள் செய்து கொடுத்திருந்தேன். அர்டுயினோ என்ற சிறு கணினிப் போர்டு, வெப்ப சென்சர், ஒரு ரேடியோ, சோலாரில் ஏறும் பற்றரி, அவ்வளவுதான். பூட்டி மூன்றாம் நாள் வாடிக்கார அண்ணன் போன் எடுத்தார். “தம்பி, இந்தப் பெட்டிக்குள்ள ஐஸ் நிமிசத்துக்கு ஒருக்காக் கரைஞ்சு திரும்ப உறையுதோ?” வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். ஒரே கோடு 1 பாகைக்கும் 7 பாகைக்கும் இடையில் வாள்பல்லுப் போல ஏறி இறங்குகிறது. பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. இரண்டு கருவிகள் ஒரே அடையாள எண்ணை எடுத்திருந்தன. இரண்டு பெட்டிகளின் அளவும் ஒரே கோட்டில் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தது.

கருவி முதன்முதல் இயங்கும்போது 1 முதல் 65,535 வரை ஓர் எழுமாற்று (ராண்டம்) எண்ணைத் தெரிவுசெய்து சேமித்துக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். எழுமாற்று வரிசையைத் தொடக்கிவைக்கும் எண்ணை விதை என்போம்; ஒரே விதை கொடுத்தால் ஒரே வரிசைதான் வரும். அந்த விதை எங்கிருந்து? எல்லாரும் செய்வது போல, வயர் பூட்டாத ஓர் அனலாக் பின்னை (மின்னழுத்தத்தை அளந்து எண்ணாகத் தரும் முனை) வாசித்து அதையே விதையாகக் கொடுத்தேன். பட்டறை மேசையில் அந்தப் பின் 280க்கும் 410க்கும் இடையில் துள்ளியது. மேலே மின்விசிறி, பக்கத்தில் சோல்டரிங் அயன், சுவரெல்லாம் மின்வயர். அந்த 50 ஹேர்ட்ஸ் இரைச்சலைத்தான் பின் பிடித்துக்கொண்டிருந்தது. 12 கருவிகளை அந்த மேசையிலேயே முதன்முதல் இயக்கினேன். நேரம் போதாமல் கடைசி இரண்டையும் வாடியில் வைத்துத்தான் இயக்கினேன். வாடைக்காற்றுக் காலம். ஐஸ் பெட்டியின் குளிரில் போர்டின் மேல் பனித்த ஈரம், காற்றில் வந்த உப்போடு சேர்ந்து, பின்னைப் பக்கத்துக் கிரவுண்டோடு மெல்லத் தொடுத்துவிட்டிருந்தது. மடிக்கணினியைப் பூட்டிப் பார்த்தபோது திரையில் வந்தது: 0, 0, 1, 0, 0, 1.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. விதையாக 0 கொடுத்தால் அர்டுயினோ அதைப் பொருட்படுத்தாது. தன் வழமையான தொடக்கமான 1 இலிருந்தே வரிசையை ஆரம்பிக்கும். ஆக 0 வந்தாலும் 1 வந்தாலும் ஒரே வரிசை, ஒரே அடையாள எண்.

பின் ஒழுங்காகத் துள்ளினாலும் இந்த முறை போதாது. அந்தப் பின்னின் 10 பிட் வாசிப்பில் (0 முதல் 1,023 வரை) கிடைக்கக்கூடிய விதைகள் மொத்தம் 1,024 மட்டுமே. அவை எல்லாம் சம வாய்ப்போடு வந்தால்கூட 38 கருவிகள் சேர்ந்ததும் ஏதாவது இரண்டு ஒத்துப்போகும் நிகழ்தகவு பாதியைத் தாண்டிவிடும். பிறகு 65,535 வரை எண்ணெடுத்தாலும், 128 பிட் திறப்பு (தரவைப் பூட்டும் இரகசிய எண்) செய்தாலும் பயனில்லை. வாசலே 1,024 என்றால் உள்ளே போகிற வழிகளும் 1,024தான்.

எழுமாற்று எண் கேட்குமுன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். எனக்குத் தேவை ஒன்றுக்கொன்று வேறான எண்ணா, மற்றவர் ஊகிக்க முடியாத எண்ணா? இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பெரும்பாலான பிழைகள் தொடங்குகின்றன. வாகன இலக்கத்தகடு ஒவ்வொரு வண்டிக்கும் வேறு, ஆனால் வீதியில் நிற்கிற எவரும் அதை வாசிக்கலாம். ரேடியோவின் மேக் முகவரியும் (தயாரிக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் இடப்படும் தனி எண்) அப்படித்தான். அடையாள எண்ணுக்கு அது மிக நன்று. நான் முதலிலேயே அதைப் பாவித்திருக்க வேண்டும். இரகசியத் திறப்புக்கு அது ஒருபோதும் ஆகாது.

கரண்ட் போய் வருகிற நேரத்தை எடுத்துப் பாருங்கள். தம்பலகாமத்து வயல் வாய்க்கால்களில் 20 நீர்மட்ட அளவிகள் ஒரே மின்கம்பியில் தொங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். மின் வந்த அதே நொடியில் எல்லாம் எழும்பி ஒன்றாகத் தரவு அனுப்பும், ஒன்றின் குரலில் மற்றது கேளாது. இதைத் தவிர்க்க எழுமாற்றாகச் சில நொடி காத்திருக்கச் சொல்லுவோம். ஆனால் விதை ஒன்றானால் எல்லாம் சேர்ந்து காத்திருந்து, சேர்ந்தே அனுப்பும். இங்கே மேக் முகவரியை விதையாகக் கொடுத்தால் போதும். ஊகிக்க முடியாமை இந்த வேலைக்குத் தேவையே இல்லை.

திறப்பு, கடவுச்சொல், டோக்கன் என்று வந்தால் கதை வேறு. நேரத்தை விதையாக்குவது அங்கே நடக்கும் முதல் பிழை. கடிகாரச் சிப் இல்லாத போர்டுக்கு ஒவ்வொரு முறை எழும்பும்போதும் 1970 ஜனவரி 1தான். இணையத்தில் நேரம் எடுத்துக்கொண்டாலும் ஒரு நாளில் இருப்பது 86,400 நொடிகள். கருவி எந்த நாளில் இயங்கத் தொடங்கியது என்று தெரிந்தவருக்கு அத்தனையையும் போட்டுப் பார்ப்பது கண்மூடித் திறக்கும் வேலை.

‘என்ர சிப்பிலதான் வன்பொருள் எழுமாற்றி இருக்கே’ என்று சொல்லும் தம்பி தங்கைமாருக்கு: மின் இரைச்சலிலிருந்து எண் எடுக்கும் அந்தப் பகுதி சிப்பில் இருப்பது வேறு, அது வேலை செய்கிற நிலையில் இருப்பது வேறு. ஈஎஸ்பி32 என்ற சிப்பில் வைஃபை அல்லது புளூடூத் இயங்கும்போதுதான் அந்த எழுமாற்றிக்கு உண்மையான இரைச்சல் கிடைக்கிறது. இரண்டும் நிறுத்தியிருந்தால், வேறு இரைச்சல் மூலத்தை நாமாக இயக்காவிட்டால், வருவதைப் போலி எழுமாற்று என்றே கொள்ளச் சொல்கிறது தயாரிப்பாளரின் கையேடு. பற்றரி மிச்சம் பிடிக்க ரேடியோவை அணைத்துவிட்டு, நிரலின் முதல் வரியிலேயே திறப்பு செய்கிறோம். எண் வரும். பார்வைக்கு அழகாகவும் இருக்கும். வேறு சிப்களில் எழுமாற்றி பிழைக்குறி காட்டும். அதைப் பார்க்காமல் விட்டால் வெறும் பூச்சியங்களைத் திறப்பென்று சேமித்துவிடுவோம். அந்தக் குறியைச் சோதிப்பது இரண்டு வரி. தயவுசெய்து எழுதுங்கள்.

லினக்ஸ் ஓடும் கருவிகளுக்கும் முதல் நிமிடம்தான் ஆபத்தானது. ஊகிக்க முடியாத அசைவுகளைத் தர விசைப்பலகை இல்லை, மவுஸ் இல்லை, சுழலும் வட்டு இல்லை. பெட்டியிலிருந்து எடுத்த புது ரவுட்டர் கண் விழித்ததும் செய்யும் வேலைகளில் ஒன்று திறப்பு உருவாக்குவது. 2012இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் நாடியா ஹெனிங்கர் குழுவினர் இணையம் முழுவதையும் துழாவி, டிஎல்எஸ் (இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் முறை) பாவிக்கும் கணினிகளில் 0.50 வீதமானவற்றின் ஆர்எஸ்ஏ என்ற பூட்டு முறைக்கான இரகசியத் திறப்புகளைக் கணக்கிட்டு எடுத்தார்கள். பெரும்பாலும் ரவுட்டர், ஃபயர்வால் போன்ற சின்னக் கருவிகள். வழி நாம் பாடசாலையில் படித்ததுதான். ஆர்எஸ்ஏ பொதுத் திறப்பு என்பது இரண்டு பெரிய முதன்மை எண்களின் பெருக்கம். ஒரே நிலையில் எழும்பிய இரண்டு கருவிகள் முதலாம் முதன்மை எண்ணை ஒன்றாகவே எடுக்கின்றன. அதற்குள் கடிகாரம் ஒரு நொடி நகர்ந்துவிட, இரண்டாவது வேறாகிறது. இரண்டு பெருக்கங்களுக்கும் பொதுக் காரணிகளுட் பெரியதைக் கண்டால் பொதுவான முதன்மை எண் வெளியே வந்துவிடும். மிச்சம் வெறும் வகுத்தல்.

இதனால், லினக்ஸில் திறப்பு செய்வதென்றால் ‘கெட்ரேண்டம்’ (getrandom) அழைப்பைப் பாவியுங்கள். 2014இல் 3.17 ஆம் பதிப்போடு வந்தது. லினக்ஸ் இரைச்சலைச் சேர்த்துவைக்கும் கருவூலம் நிரம்பும்வரை அது காத்திருக்கும். அந்தத் தாமதம் பிடிக்காமல் வேறு வழி தேடாதீர்கள். ஒரு ராஸ்பெரி பையை ஒழுங்குபடுத்தி, அதன் எஸ்டி கார்டை 10 பிரதி எடுப்பவர்கள் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) திறப்புகளையும், சேமித்த எழுமாற்று விதையையும், மெஷின் ஐடி என்ற கருவியின் அடையாள எண்ணையும் அழித்துவிட்டே பிரதி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்து வீட்டுக்கும் ஒரே பூட்டு.

பெரிய எண்ணைச் சிறிய வீச்சுக்குள் சுருக்கும்போது சில எண்கள் கூடுதலாக வரும் சாய்வையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பைட்டை (0 முதல் 255 வரை 256 பெறுமானங்கள்) 6 ஆல் வகுத்து மீதி எடுத்தால் 0 முதல் 3 வரை 43 முறையும், 4, 5 இரண்டும் 42 முறையும் வரும். 252க்கு மேல் போகும் பெறுமானங்களையும் 252ஐயும் எறிந்துவிட்டு மீண்டும் எடுத்தால் சரி.

நல்ல வன்பொருள் எழுமாற்றி இல்லாத போர்டுக்கு நான் இப்போது செய்வது இது. நிரல் ஏற்றும்போதே மடிக்கணினியில் 32 பைட் விதையொன்றை ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனியே உருவாக்கி எழுதிவிடுகிறேன். போர்டு எழும்பும் ஒவ்வொரு முறையும் பழைய விதையை ஷா-256 என்ற ஒருவழிக் கணக்கில் இரண்டு வெவ்வேறு அடையாளச் சொற்களோடு சேர்த்து அரைக்கும். ஒன்று அடுத்த முறைக்கான விதை, மற்றது இந்த முறை பாவிப்பதற்கு. புது விதையை முதலில் சேமித்து முடித்த பிறகே எண் எடுக்க வேண்டும். வரிசையை மாற்றினால், இடையில் கரண்ட் போய் வந்ததும் கருவி பழைய எண்களையே திரும்பச் சொல்லும். அதே திறப்போடு அதே நொன்ஸ் (ஒரு செய்திக்கு ஒருமுறை மட்டும் பாவிக்கும் எண்) இரண்டாம் முறை போனால், ஏஇஎஸ் என்ற மறைகுறியாக்கம் எவ்வளவு பலமாக இருந்தாலும் இரண்டு செய்திகளையும் ஒன்றோடொன்று பொருத்தி உள்ளடக்கத்தைப் பிரித்தெடுக்கலாம்.

எண்கள் பரவலாக இருக்கின்றனவா என்று காட்டும் புள்ளிவிவரச் சோதனைகளில் தேறியதை வைத்துத் திருப்திப்படாதீர்கள். வட்டத்தின் பை (π) மாறிலியின் தசம இலக்கங்களும் அவற்றில் தேறும், அவற்றை யாரும் கணக்கிடலாம். நான் செய்யும் சோதனை எளியது: மின்னை 100 முறை துண்டித்துக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் வரும் முதல் நான்கு எண்களை எழுதி, வரிசைப்படுத்தி, இரட்டை தேடுவது. இரட்டை இல்லை என்பதால் திறப்பு பாதுகாப்பென்று ஆகாது, ஆனால் இரட்டை கண்டால் அந்தப் போர்டு வெளியே போகக்கூடாது. அதை மேசையில் ஒருமுறையும், கருவி இருக்கப்போகும் இடத்தில், அந்த ஈரத்திலும் குளிரிலும், இன்னொருமுறையும் செய்யுங்கள்.