கச்சேரி நாளில் மாதவிடாய்: பாடுகிற பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த மார்கழியில் என்னிடம் கற்றுக்கொள்ளும் பெண் ஒருத்தி, மேடையேறக் கால் மணி நேரம் இருக்கும்போது கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பிதுக்கினாள். பதறிப்போய்க் கையைப் பிடித்துவிட்டேன். 15 வருஷத்துக்கு முன்னால் நானும் அதையேதான் செய்தேன். வெந்நீர் குடி, ஐஸ் வேண்டாம் என்பதெல்லாம் பாடுகிற எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு மேல் ஸ்தாயியில் நிற்பது

மாதவிடாய்க்கு முந்தைய நாலைந்து நாளில் சிலருக்குக் கால் வீங்கும், மார்பு கனக்கும் இல்லையா, அதே மாதிரி குரல்நாணிலும் நீர் கோத்துக்கொள்ளும். நாண் கனத்துவிடுவதால் தார ஸ்தாயி (மேல் ஸ்வர வரிசை) எட்டாது, மெல்லப் பிடித்த கார்வை (நீட்டி நிறுத்தும் ஸ்வரம்) உடையும், பிருகா (வேகமாக உருளும் ஸ்வரங்கள்) தேங்கும். அங்கே இருக்கிற மயிரிழை ரத்தக்குழாய்களும் புடைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ஆஸ்பிரின், இபுபுரூஃபன், மெஃபெனமிக் அமிலம் மாதிரி மாத்திரைகளைப் போட்டால் ரத்தம் உறைவது மட்டுப்படும். அப்புறம் ஓங்கிப் பாடும்போது ஒரு குழாய் உடைந்தால் நாணுக்குள்ளேயே ரத்தம் பரவிவிடும். தசைப்பிடிப்புக்காக டைசைக்ளோமின் சேர்த்த மாத்திரை என்றால் தொண்டையும் வறளும்.

எனக்கு நடந்தது அதுதான். காம்போதி ஆலாபனையில் மேல் பஞ்சமத்தைத் தொட்டு நின்றேன், வலியே இல்லை, குரல் வெறும் காற்றாகப் போய்விட்டது. வயலின்காரர் வாசித்து முடித்து என்னை நிமிர்ந்து பார்க்கிறார், பாட என்னிடம் ஒன்றும் இல்லை. மறுநாள் தொண்டை மருத்துவர் திரையில் காட்டினார்: வெள்ளையாக இருக்க வேண்டிய இடது நாண் செம்பருத்தி நிறத்தில் இருந்தது. 3 வாரம் மௌனம், கிசுகிசுக்கக்கூடக் கூடாது. வீட்டில் சிலேட்டில் எழுதிக் காட்டித்தான் சாப்பாடு கேட்டேன்.

இன்றைக்கும் எரிச்சல் வருவது மாத்திரையை நினைத்துக்கூட இல்லை. அதற்கு 2 நாள் முன்பே மேல் ஷட்ஜமத்துக்கு மேலே குரல் கம்மியது எனக்குத் தெரிந்தது, அதைச் சாதகக் குறைவு, அதாவது பயிற்சி போதவில்லை என்று எடுத்துக்கொண்டு விடிகாலையில் எழுந்து இன்னும் ஓங்கி ஓங்கிப் பாடினேன். வீங்கிய நாணைத் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறேன்! என் மாணவிகளும் இதையே செய்கிறார்கள். தேதியைக் குறித்து வையுங்கள், அந்த நாட்களில் சாதகத்தை மத்திய ஸ்தாயியோடு நிறுத்துங்கள். வலிக்குச் சூடான ஒத்தடம், அதுவும் போதாவிட்டால் மருத்துவரைக் கேட்டுப் பாராசிட்டமால்.

மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்குவது

அது ஹார்மோன். மருத்துவர் சொல்லாமல் கூடாது, அவரிடம் பாடுகிறவள் என்பதையும் சொல்லுங்கள். டானசோல் என்ற மருந்து குரலை நிரந்தரமாகக் கட்டையாக்கிவிடக்கூடும்.

பட்டுப்புடவையை அடிவயிற்றில் இறுக்கிக் கட்டுவது

வேண்டவே வேண்டாம்.

சுருதியைக் குறைக்க வெட்கப்படுவது

ஐரோப்பாவில் சில ஆப்பரா (இசை நாடக) அரங்குகள் முன்பு இந்த நாட்களில் பாடகிகளுக்குப் பாடுவதிலிருந்து விலக்கே கொடுத்திருக்கின்றன. நமக்குச் சபாவில் தேதி கொடுத்தால் கொடுத்ததுதான், ஆனால் சுருதியை 5 கட்டையிலிருந்து 4½க்கு இறக்க யார் அனுமதியும் வேண்டாம். முதல் நாளே மிருதங்கக்காரருக்குப் போன் செய்து "அண்ணா, நாளைக்கு நாலரை" என்று சொன்னால் சரி. காரணம் கேட்டவர் இதுவரை ஒருவர்கூட இல்லை.

அன்று அந்தப் பெண்ணுக்குக் கால் மணி நேரம்தான் இருந்தது. மிருதங்கக்காரர் கல்லை எடுத்து விளிம்பில் தட்டி அரைக் கட்டை இறக்கிக்கொடுத்தார். மேல் ஸ்தாயியில் நின்று நிரவல் (ஒரே வரியை விதவிதமாக விரிப்பது) பாட வைத்திருந்த கல்யாணி ராகத்தை விட்டுவிட்டு, அவ்வளவு மேலே போக வேண்டாத ஆனந்தபைரவியை அவள் எடுத்துக்கொண்டாள்.