நிப்பிளில் கிரீஸ் ஏறவில்லையா? டிராக்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரீஸ் கன்னை நிப்பிளில், அதாவது உரசும் பாகங்களுக்குக் கிரீஸ் ஏற்றும் சின்னக் குமிழ் வாயில், மாட்டிக் கைப்பிடியை அழுத்துகிறீர்கள். அது கல்லைப் போல நிற்கிறது. இன்னும் பலமாக அழுத்தினால், கன்னின் நுனியில் நிப்பிளைக் கவ்வும் கப்ளரின் ஓரமாகக் கிரீஸ் பிதுங்கி வழிகிறது. உள்ளே ஒரு துளிகூடப் போகவில்லை. அப்போது பெரும்பாலானோர், வழிந்ததைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டு அடுத்த நிப்பிளுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். நான் பார்த்தவரையில் டிராக்டரின் முன் அச்சைக் கெடுக்கும் தவறுகளில் இதுதான் பெரியது. நிப்பிளைச் சுற்றிப் புதுக் கிரீஸ் பளபளவென்று ஒட்டியிருப்பதால், அடுத்த முறை பார்ப்பவரும் அங்கே வேலை முடிந்தது என்றே நினைப்பார். உள்ளே, முன் சக்கரம் இடமும் வலமும் திரும்ப உதவும் கிங் பின் என்ற தண்டும் அதைச் சுற்றிய புஷ் என்ற உறையும் காய்ந்துபோய் உரசிக்கொண்டிருக்கும்.

சென்னையைச் சுற்றி ஓடும் டிராக்டர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் சேற்று உழவில் இறங்கும் வண்டி, தண்ணீர் டேங்கர் இழுக்கும் வண்டி, குப்பத்துக் கடற்கரையில் ஃபைபர் படகை மணலில் இழுத்து ஏற்றும் வண்டி என்று எதை எடுத்தாலும் சேறு, மண், உப்புக் காற்று மூன்றில் ஒன்று நிப்பிளின் வாயில் உட்கார்ந்திருக்கும். இதோடு ஆயுத பூஜைப் பெயிண்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டியை அழகாக்கும் ஆசையில் நிப்பிளின் தலைமேலேயே பெயிண்ட்டை அடித்துவிடுகிறார்கள். நிப்பிளின் நுனியில் ஒரு சின்னக் குண்டும் அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கின்றன. குண்டு உள்ளே தள்ளப்பட்டால்தான் கிரீஸுக்கு வழி. பெயிண்ட் அதைச் சுற்றி உறைந்துவிட்டால் குண்டு அசையாது. பெயிண்ட் அடிக்கும் முன் ஒரு துண்டு டேப்பைச் சுற்றிவிட்டால் போதும்.

அடைப்பு எங்கே என்று தெரியாமல் வைத்தியம் பார்ப்பது அடுத்த தவறு. கன்னில் இருக்கலாம், நிப்பிளில் இருக்கலாம், அதன் பின்னால் உள்ள துவாரத்தில் இருக்கலாம். அடைப்பே இல்லாமல் வண்டியின் பாரமே கிரீஸை மறிக்கவும் செய்யலாம். பிரித்தறிய ஐந்து நிமிடம் போதும். முதலில் அதே கன்னை நன்றாக வேலை செய்யும் வேறொரு நிப்பிளில் மாட்டிப் பாருங்கள். அங்கும் ஏறவில்லை என்றால் கன்னுக்குள் காற்று புகுந்திருக்கும், அல்லது கப்ளரின் பற்கள் தேய்ந்திருக்கும். அங்கே ஏறினால், சந்தேகத்துக்குரிய நிப்பிளைச் சுற்றிலும் துடைத்துவிட்டு ஸ்பானரால் கழற்றி, கன்னில் மாட்டி வெளியிலேயே அழுத்துங்கள். புழு நெளிவது போலக் கிரீஸ் வந்தால் நிப்பிள் நல்ல நிலையில் இருக்கிறது, கோளாறு உள்ளே. வரவில்லை என்றால் புது நிப்பிள் போடுங்கள். விலை சொற்பமான அந்தப் பொருளை டீசலில் ஊறவைத்து, ஊசியால் குத்திப் பிழைக்கவைக்க மணிக்கணக்கில் உட்கார்வது வீண்.

குப்பத்து வண்டி ஒன்று என்னிடம் வந்தது நினைவிருக்கிறது. "அண்ணே, ஸ்டீயரிங் கனக்கிறது, ஸ்டீயரிங் பெட்டி போய்விட்டது என்கிறார்கள், மாற்றித்தான் ஆக வேண்டுமா?" என்று கவலையோடு கேட்டார் உரிமையாளர். முன்னே குனிந்து பார்த்தால் இரண்டு கிங் பின் நிப்பிளிலும் கிரீஸ் குவிந்திருந்தது. இடதுபக்க நிப்பிளைக் கழற்றித் துவாரத்தில் மெல்லிய கம்பியை விட்டேன். நகக்கண் ஆழம்கூடப் போகவில்லை. சுரண்டியபோது பென்சில் கரியைப் போல ஒரு கறுத்த துண்டு உடைந்து விழுந்தது. விரலில் நசுக்கினேன், நறநறவென்றது. பழைய கிரீஸில் எண்ணெய் வற்றிப் பசை மட்டும் மணலோடு சேர்ந்து இறுகியிருந்தது. துவாரத்தில் டீசல் ஊற்றி ஓர் இரவு விட்டோம். மறுநாள் கம்பியால் கிளறி, கிளறிய கசடைத் துடைத்து எடுத்துப் புது நிப்பிள் போட்டோம். அப்போதும் கன் முரண்டு பிடித்தது. முன் அச்சின் கீழ் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிய பிறகுதான் கிரீஸ் இறங்கியது. ஸ்டீயரிங் பெட்டியில் கை வைக்கவே வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பாரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வண்டி தரையில் நிற்கும்போது அதன் எடை பின்னையும் புஷ்ஷையும் ஒரு பக்கமாக அழுத்தி இடைவெளியை மூடிவிடும். கிரீஸ் போக வேண்டிய இடமோ அதுதான். கிங் பின்னுக்கு அச்சைத் தூக்கி, ஸ்டீயரிங்கை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே அடியுங்கள். முன் அச்சை நடுவில் வண்டியின் உடலோடு இணைக்கும் பின்னுக்கு அது பயன்படாது. அச்சைத் தூக்கினால் பாரம் அப்படியேதான் இருக்கும். அங்கே வண்டியின் முன் உடலைத் தூக்கி, அச்சைத் தொங்கவிட வேண்டும். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்காமலும், வெறும் ஜாக்கியை நம்பியும் யாரும் கீழே குனிய வேண்டாம்.

இவ்வளவு செய்தும் இறங்கவில்லை என்றால் புஷ் திரும்பி, அதன் துவாரம் நிப்பிளுக்கு நேராக இல்லாமல் போயிருக்கலாம். பிரித்துப் பார்ப்பதுதான் வழி.

அடைப்பை இளக்கக் கேஸ் டார்ச் தீயால் சூடு காட்டுவதை நான் ஒருபோதும் அனுமதிப்பதில்லை. சீல் கருகும், கிரீஸ் தீப்பற்றும், அடைபட்ட துவாரத்துக்குள் ஆவி சேர்ந்து கொதிக்கும் கிரீஸ் முகத்தில் தெறிக்கும். அதைவிட ஆபத்தானது கன்னின் அழுத்தம். கார் டயரில் 30 பவுண்டு சொச்சம் காற்று நிரப்புகிறோம். கையால் அடிக்கும் கிரீஸ் கன்னே சில ஆயிரம் பவுண்டு அழுத்தம் தரும். வெடித்த ஹோஸையோ கப்ளரின் வாயையோ விரலால் பொத்தினால் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட அதிகம் இருக்காது. களிம்பு தடவிக் காத்திருந்தால் விரலையே இழக்க நேரலாம். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், உள்ளே போனது கிரீஸ் என்று சொல்ல வேண்டும்.

புது நிப்பிள் வாங்கும்போது மரையில் தவறு நடக்கிறது. 10 மில்லிமீட்டர் மரையும் 1/8 அங்குலக் குழாய் மரையும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். முதலாவதில் மரைக்கு மரை 1 மில்லிமீட்டர்; இரண்டாவதில் அங்குலத்துக்கு 28 மரை, அதாவது சுமார் 0.9 மில்லிமீட்டர். ஒன்றின் இடத்தில் மற்றது ஓரிரு சுற்று ஏறிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். அங்கே ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் அச்சின் மரையே போய்விடும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலை உதிரிபாகக் கடைக்குப் போகும்போது பழைய நிப்பிளைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். புதியதை முதலில் விரலால் திருகுங்கள், தடையில்லாமல் ஏற வேண்டும்.

வழி திறந்த பிறகு இரண்டு அழுத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஓரத்திலிருந்து முதலில் கறுப்பாகவும் துருவோடும் வரும், பிறகு சாம்பல் நிறமாகும். கன்னில் இருக்கும் கிரீஸின் நிறத்திலேயே அது வெளியே வரும்வரை அடித்து, வழிந்ததைத் துடைத்துவிட்டு ஜாக்கியை இறக்குங்கள்.