என்ஐசியூவுக்குப் புதிதாக வரும் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்டுகள் செய்யும் தவறுகள்

ஒரு கிலோ எடையுள்ள குறைமாதக் குழந்தைக்கு வென்டிலேட்டர் ஒரு மூச்சில் கொடுக்கும் காற்று சுமார் 5 மில்லி. ஒரு தேக்கரண்டி அளவு, அவ்வளவுதான். பெரியவர்களுக்கான ஐசியூவில் சில வருடம் மூச்சுக் கருவிகளைக் கவனிக்கும் தெரபிஸ்டாக வேலை பார்த்துவிட்டு, பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவான என்ஐசியூவுக்கு வருகிறவர்களுக்கு இது மனதில் பதியக் கொஞ்ச நாள் ஆகும். அங்கே 400 மில்லியில் 20 கூடினாலும் குறைந்தாலும் பெரிய விஷயமில்லை. இங்கே 3 மில்லி கூடினாலே நுரையீரல் காயப்படலாம்.

நான் பார்த்தவரை இங்கே நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் தெரியாமல் செய்பவை அல்ல. எல்லாவற்றையும் சரியாகத்தான் வைத்திருப்பார்கள். வைத்தது வைத்தபடியே இருக்கும் என்று நம்பிவிடுவதுதான் பிரச்சினை. குழந்தை அப்படி இருக்காது.

சர்ஃபாக்டன்ட், அதாவது குறைமாதக் குழந்தையின் நுரையீரல் எளிதாக விரிய உதவும் மருந்து, கொடுத்த பிறகு நடப்பதைப் பாருங்கள். மருந்துக்கு முன்னால் அந்த நுரையீரல் விறைப்பாக இருக்கும். புது பலூனை முதல் தடவை ஊதுவதுபோல நிறைய அழுத்தம் கொடுத்தால்தான் விரியும். மருந்து உள்ளே போனதும் சில நிமிடங்களிலேயே இளக ஆரம்பிக்கும். அழுத்தத்தை வைத்து ஓடும் மோடில் நாம் வைத்த அழுத்தம் மாறுவதில்லை, ஆனால் அதே அழுத்தத்துக்கு 5 மில்லி போன இடத்தில் இப்போது 8, 9 மில்லி போகும். திரையில் ஆக்சிஜன் அளவு மளமளவென்று ஏறுவதைப் பார்த்து அறையில் எல்லோர் முகமும் மலர்ந்திருக்கும் நேரம் அது. அப்போதுதான் நுரையீரல் கிழிந்து காற்று வெளியே கசியலாம். கார்பன் டைஆக்சைடு அளவுக்கு மீறி இறங்கினால் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறையும். அதனால் மருந்து கொடுத்த பிறகு குறைந்தது அரை மணி நேரமாவது வார்மரை (குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் படுக்கையை) விட்டு நகராதீர்கள். நெஞ்சு எவ்வளவு எழும்புகிறது என்று கண்ணால் பாருங்கள், ஒரு மூச்சில் போகும் காற்றின் அளவான டைடல் வால்யூமைப் பாருங்கள், டாக்டரிடம் சொல்லி அழுத்தத்தைப் படிப்படியாக இறக்குங்கள்.

அடுத்தது ஆக்சிஜன். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு மானிட்டரில் 100 சதவீதம் காட்டினால் நிம்மதி என்று பெரியவர்கள் வார்டில் பழகியிருப்போம். குறைமாதக் குழந்தை ஆக்சிஜன் வாங்கிக்கொண்டிருக்கும்போது 100 என்பது எச்சரிக்கை. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு மிஞ்சிப் போயிருக்கிறது என்று அந்த எண் சொல்லாது. 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் இன்குபேட்டரில் தாராளமாக ஆக்சிஜன் விட்டதால் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பார்வை போனது. சரி, ரொம்பக் குறைத்துவிடலாமா? அதுவும் முடியாது. 2010இல் வெளியான சப்போர்ட் ஆய்வில் 85 முதல் 89 வரை வைத்திருந்த குழந்தைகளுக்குக் கண் பாதிப்பு குறைந்தது, ஆனால் 91 முதல் 95 வரை வைத்திருந்தவர்களைவிட இறப்பு கூடியிருந்தது. அதனால்தான் இன்று பல இடங்களில் 90 முதல் 95 என்று வைக்கிறோம். தவறு எங்கே நடக்கிறது என்றால், குழந்தை திடீரென்று 70க்கு இறங்கும், பதறிப்போய், கொடுக்கும் காற்றில் உள்ள ஆக்சிஜனை 30 சதவீதத்திலிருந்து 60க்கு ஏற்றுவோம், குழந்தை தேறிவிடும், பக்கத்து வார்மரில் அலாரம் அடிக்கும், அங்கே ஓடிவிடுவோம். 60 அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். ஏற்றிய கையே நின்று இறக்கவும் வேண்டும்.

வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் இறக்கும் டியூபின் ஆழத்துக்கு, கிலோவில் எடையோடு 6 கூட்டும் கணக்கு எல்லோருக்கும் தெரியும். 2 கிலோ என்றால் உதட்டில் 8 சென்டிமீட்டர். ஒரு கிலோவுக்குக் கீழே இந்தக் கணக்கு டியூபைக் கொஞ்சம் அதிகமாகவே இறக்கிவிடும், அங்கே கவனம். பிளாஸ்டர் ஒட்டியதோடு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். தாடை நெஞ்சுப் பக்கம் குனிந்தால் டியூப் முனை உள்ளே இறங்கும், தலை பின்னால் சாய்ந்தால் மேலே ஏறும். அந்த மூச்சுக்குழாயின் மொத்த நீளமே நாலைந்து சென்டிமீட்டர்தான். எக்ஸ்-ரே எடுக்கும்போது தலை எப்படி இருந்தது என்று குறித்து வைக்காமல் டியூபை அரை சென்டிமீட்டர் இழுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். திடீரென்று நிலைமை மோசமானால் டியூப் நகர்ந்ததா, அடைத்ததா, நெஞ்சில் காற்று கசிந்ததா, மெஷினில் கோளாறா என்று வரிசையாகப் பாருங்கள். சந்தேகம் என்றால் மெஷினைக் கழற்றிவிட்டு, கையால் பையை அமுக்கி மூச்சு கொடுங்கள்.

மூக்கு வழியாக இடைவிடாமல் காற்றழுத்தம் கொடுக்கும் பபிள் சிபாப்பில் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் கேட்டாலே எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று இருந்துவிடக் கூடாது. மூக்கில் செருகிய பிராங்ஸ் எனும் சிறு குழாய்கள் மூக்கின் நடுத்தண்டை அழுத்துகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முதலில் வெளுக்கும், அப்புறம் சிவக்கும், கறுத்த பிறகு பார்த்துப் பயனில்லை. பிராங்ஸுக்கும் நடுத்தண்டுக்கும் இடையே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும்.

கொஞ்சம் வளர்ந்த குழந்தைகளுக்கான ஐசியூ பக்கம் போனால் எனக்கு அதிகப் பயம் தருவது அமைதியாகிவிட்ட ஆஸ்துமா குழந்தைதான். காலையிலிருந்து வீசிங்கோடு திணறிய பிள்ளை மாலையில் சத்தம் அடங்கிப் படுத்திருக்கும். அம்மா, "இப்பதான் சார் தூங்குறான்" என்பார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் காற்று போகும் சத்தமே இருக்காது. வேகமாக மூச்சு வாங்கும் குழந்தையின் ரத்தத்தில் கார்பன் டைஆக்சைடு 40க்குக் (mmHg அளவில்) கீழே இருக்க வேண்டும். சரியாக 40 என்று வந்தால், நார்மல் என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள், பிள்ளை களைத்துக்கொண்டிருக்கிறான். படுக்கைப் பக்கத்திலேயே நின்றுகொண்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.