அசல் உத்தர் டாங்கிப் போரை 1:72 அளவில் மாதிரியாக அமைக்க

1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை பஞ்சாப் எல்லையில் கேம்கரண் அருகே இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடந்த போர் இது. 4 அடிக்கு 3 அடி பலகை போதும். முழுக்கச் சமதளமாகவே விடுங்கள். மேடு வைத்தால் போரே மாறிவிடும்.

இந்தியத் தரப்பைக் குதிரை லாட வடிவில், திறந்த வாய் கேம்கரணைப் பார்க்க வையுங்கள். செஞ்சூரியன், ஷெர்மன் டாங்கிகளைக் கரும்புக்குள் மறையுங்கள்.

கரும்பு 3 முதல் 3.5 செ.மீ. உயரம் இருக்கட்டும். ஜீப் முழுதாக மறையும். பாகிஸ்தானின் பேட்டன் டாங்கியின் தலை மட்டும் மேலே தெரியும். இந்திய வீரர் அப்துல் ஹமீதின் 106 மி.மீ. பீரங்கி ஜீப் பேட்டன்களை வீழ்த்தியதன் காரணம் அங்கேயே விளங்கிவிடும். ஜீப்புக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விடுங்கள்: சுட்டதும் பின்பக்கம் நெருப்பும் புழுதியும் சீறி இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் சுட்டவுடன் இடம் மாற வேண்டியிருந்தது.

பெரும்பாலோர் தவறுவது தண்ணீரில். பேட்டன்களைச் சிக்கவைக்க இந்தியத் தரப்பு வாய்க்காலை உடைத்துப் பாய்ச்சிய வயலை ஏரிபோல ஆக்கிவிடுகிறார்கள். அது சேறு. பழுப்புப் பூச்சின் மேல் பளபளப்பு வார்னிஷ் ஒரு கை மட்டும் அடியுங்கள். சிக்கிய பேட்டனின் சக்கரப்பட்டையை அடியில் 3 மி.மீ. அறுத்து ஒட்டினால், சுமார் 45 டன் எடை புதைந்தது கண்ணுக்குத் தெரியும்.