அணு மருத்துவப் பிரிவை ஒழுங்காற்று வாரியத்தின் ஆய்வுக்கு ஆயத்தப்படுத்துவது எப்படி

இந்தியாவில் கதிரியக்கப் பொருள்களைக் கொண்டு நோயறிதலோ சிகிச்சையோ செய்யும் மருத்துவமனைகள், 1983 நவம்பர் 15 அன்று அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்காற்று வாரியத்தின் உரிமம் பெற்றே இயங்க வேண்டும். வாரியத்தின் தலைமையகம் மும்பையில் உள்ளது. சென்னை, கொல்கத்தா, புதுதில்லி ஆகிய நகரங்களில் அதன் வட்டார மையங்கள் இருக்கின்றன. அதன் ஆய்வாளர்கள் முன்னறிவிப்புடனும் வரலாம், அறிவிக்காமலும் வரலாம். ஆகவே ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் கோப்புகளை அடுக்குவதை ஆயத்தம் என்று நினைக்கும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர், அறிவிப்பில்லாத நாளில் கையைப் பிசைய நேரும்.

ஆய்வாளர் பல கேள்விகள் கேட்டாலும் அவற்றின் அடியில் இருப்பது ஒன்றுதான்: உள்ளே வந்த கதிரியக்கப் பொருள் ஒவ்வொன்றும் எங்கே போய் முடிந்தது என்பதற்கு உங்களிடம் கணக்கு இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு ஏன் இத்தனை எடை என்பதை 2010 ஏப்ரலில் தில்லி மாயாபுரியில் நடந்தது சொல்லும். தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் நெடுங்காலம் பயன்படுத்தாமல் கிடந்த, கோபால்ட்-60 அடங்கிய காமா கருவி ஏலத்தில் பழைய இரும்பாக விற்கப்பட்டது; அதைப் பிரித்தெடுத்த சந்தையில் பலர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டனர், ஒருவர் உயிரிழந்தார். சுமார் ஐந்தே கால் ஆண்டு அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம்) கொண்ட அந்தப் பொருளைப் பொறுப்பில் வைத்திருந்த நிறுவனத்தின் நினைவிலிருந்தே அது நழுவிப்போயிருந்தது.

எனவே ஒத்திகையை இப்படித் தொடங்குங்கள். சென்ற மாதம் வந்த அயோடின்-131 (தைராய்டு சிகிச்சைக்கான கதிரியக்க அயோடின்) பெட்டிகளில் ஏதேனும் ஒன்றைக் குறிப்பின்றித் தேர்ந்தெடுத்து, அதன் வழியைக் காகிதத்திலும் இடத்திலும் ஒருசேரத் தொடருங்கள். வாரியத்தின் இ-லோரா இணையத் தளத்தில் பெற்ற கொள்முதல் அனுமதியின் அளவும் பெறுகைப் பதிவேட்டின் அளவும் பொருந்துகின்றனவா, பெட்டியைத் திறக்குமுன் மேற்பரப்புக் கதிர்வீச்சை அளந்தது யார், ஹாட் லேபில், அதாவது கதிரியக்க மருந்தைக் கையாளும் அறையில், டோஸ் கேலிப்ரேட்டர் என்னும் அளவுமானி காட்டிய அளவும் நோயாளிக்குக் கொடுத்த அளவும் எந்தத் தேதியிட்ட வரிகளில் உள்ளன, மீந்தது எந்தக் கழிவுத் தொட்டிக்குப் போனது என்று ஒவ்வொரு படியிலும் கேளுங்கள். எந்தப் படியில் பதில் பதிவேட்டிலிருந்து வராமல் ஒருவருடைய ஞாபகத்திலிருந்து வருகிறதோ, அங்கேதான் ஆய்வாளரும் நிற்பார்.

கழிவுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் மருத்துவமனையின் சுவரைத் தாண்டிப் பொதுமக்களைத் தொடும் வழி அது. தைராய்டு புற்றுநோய்க்கு 30 மில்லிகியூரிக்கு (மில்லிகியூரி என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு) மேல் அயோடின்-131 பெறும் நோயாளி தனியறையில் தங்குவார். அவருடைய கழிவறை நீர் நேரே பொதுச் சாக்கடைக்குப் போகாமல் டிலே டேங்க் என்னும் தேக்கத் தொட்டியில் தேங்கி, கதிரியக்கம் தணிந்த பிறகே வெளியேற வேண்டும். அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும். பத்து அரை ஆயுள், அதாவது ஏறத்தாழ 80 நாள் கழிந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். ஒரு தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கையில் மற்றொன்று மூடிக் கிடக்க வேண்டும் என்பதால், மாதத்துக்கு எத்தனை நோயாளிகளைச் சேர்க்கலாம் என்பதை உண்மையில் தீர்மானிப்பது தொட்டியின் கொள்ளளவுதான். தொட்டி மூடிய தேதி, திறக்குமுன் எடுத்த மாதிரியின் அளவீடு, வெளியேற்றிய நீரின் அளவு, வால்வைத் திறந்தவரின் கையொப்பம் ஆகியவை ஒரே பக்கத்தில் இருக்கட்டும். 1987 ஆம் ஆண்டின் கதிரியக்கக் கழிவு அகற்றல் விதிகளின்படி பெற்ற அங்கீகாரத்தின் வரம்புகளையும் அப்பக்கத்தின் தலையில் எழுதிவையுங்கள். குழாய்களையும் நேரில் பார்த்துவிடுங்கள். கசிவைச் சரிசெய்ய வந்த பிளம்பர் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்காமல் ஓர் இணைப்பை மாற்றினாலே, அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும் கட்டடமும் வேறு வேறாகிவிடும்.

ஊழியர் பாதுகாப்பில் வரம்புகள் தெளிவானவை: தொடர்ந்த ஐந்து ஆண்டுகளின் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டுக்கு மேல் கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். ஆனால் எண் வரம்புக்குள் இருப்பது மட்டும் போதாது. வழக்கமாகக் குறைந்த அளவே காட்டும் ஒருவரின் டி.எல்.டி. பேட்ஜ் (ஊழியர் ஏற்ற கதிர்வீச்சைப் பதிவுசெய்யும், உடையில் அணியும் அட்டை) திடீரென உயர்ந்தால், காரணத்தை விசாரித்து எழுதிய குறிப்பு இருக்க வேண்டும். பேட்ஜை ஹாட் லேபில் தொங்கிய கோட்டிலேயே விட்டுப் போனதும் காரணமாக இருக்கலாம். அப்படியானால் அதையும் அப்படியே எழுதுங்கள். மறுபக்கம், தினமும் ஊசி போடும் செவிலியரின் பேட்ஜ் மாதக்கணக்கில் சுழியமே காட்டினால், அது அணியப்படுகிறதா என்று பாருங்கள்.

சுற்றுப்புறக் கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டர், பரப்புகளில் படிந்த கதிரியக்கத்தைக் கண்டறியும் கன்டாமினேஷன் மானிட்டர் இரண்டின் அளவுத்திருத்தச் சான்றிதழ் காலாவதியாகாமல் இருக்கட்டும்; மின்கலம் தீர்ந்த கருவியை மேசையில் வைக்காதீர்கள்.

ஆய்வு முடிந்து குறைகள் எழுத்தில் வந்தால், “சரிசெய்யப்பட்டது” என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்புவது பயனற்றது. என்ன செய்தோம், யார் செய்தார், எந்தத் தேதியில், அதற்கான சான்று எது என்று குறைவாரியாக எழுதி, கேட்ட காலக்கெடுவுக்குள் அனுப்புங்கள். எச்சரிக்கை முதல் உரிமத்தை நிறுத்திவைப்பது வரை நடவடிக்கை எடுக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. டிலே டேங்கின் மட்டங்காட்டி பழுதாகி, புதியது வர நாளாகும் என்றால், கொள்முதல் ஆணையின் நகலுடன் இடைக்கால ஏற்பாட்டையும் குறிப்பிடுங்கள்: அது பொருத்தப்படும்வரை உயர் அளவு அயோடின் சிகிச்சைக்குப் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதில்லை என்று துறைத்தலைவர் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும்.