வீட்டில் பதிந்த ஃபங்க் டிராக்: மிக்ஸ் பற்றிக் கருத்து கேட்கும் முறை

"பாட்டு எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், "செம தம்பி" என்று ஒரு வரி வரும், கூடவே நாலு நெருப்பு எமோஜி. அதை வைத்துக்கொண்டு எந்த ஃபேடரை (ஒவ்வொரு வாத்தியத்தின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் பிடியை) ஏற்றுவது, எதை இறக்குவது? பதில் சொன்னவர் மேல் தப்பில்லை. கேட்ட கேள்வியும் அனுப்பிய கோப்பும்தான் சரியில்லை.

ஃபங்க்கில் இது இன்னும் முக்கியம். 1960களின் நடுவில் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழு தாளச் சுற்றின் முதல் தட்டில் அழுத்தத்தைக் கொண்டுபோய் வைத்ததிலிருந்து, இந்த இசையில் எல்லாமே தாள வாத்தியம்தான், கிட்டார் உட்பட. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் விடும் இடைவெளி அடைபட்டால் ஆட்டம் போய்விடும். வீட்டு அறையில் பதியும்போது முதலில் அடைபடுவதும் அதுதான்.

படி 1: மிக்ஸால் சரியாகாததை முதலில் களையுங்கள்

பதிவில் இருக்கும் குறையை, பதிந்த ஒலிகளைச் சமன்செய்து கலக்கும் மிக்ஸின் குறை என்று நினைத்துக் கருத்து கேட்டால், இரண்டு பக்கமும் நேரம் வீண்.

மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் ஈ தந்தியில் மூன்றாவது ஃபிரெட், அதாவது தாழ்ந்த ஜி, 49 ஹெர்ட்ஸ். பின்னணியில் 'ம்ம்ம்' என்று கேட்கும் ஹம்மை ஈக்யூ (குறிப்பிட்ட அலைவரிசையை ஏற்றி இறக்கும் கருவி) வைத்து 50இல் வெட்டினால் ஜி ஸ்வரத்தின் அடியும் கூடவே போய்விடும். அதைப் பதியும்போதே தடுக்க வேண்டும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சிங்கிள்-காயில் (ஹம்மை எளிதில் பிடிக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப்) கிட்டார் என்றால், ஹம் குறையும் கோணம் கிடைக்கும்வரை நாற்காலியைத் திருப்பித் திருப்பி உட்காருங்கள். காற்றாடியை நிறுத்துங்கள். சாயங்கால மழை கூரையில் இறங்கும் நேரத்தில் மைக்கைத் திறக்கவே வேண்டாம்.

அடுத்தது ஸ்நேர் டிரம். ஃபங்க் டிரம்மர் இரண்டு பெரிய அடிகளுக்கு நடுவில் மெதுவாக உருட்டும் கோஸ்ட் நோட்டுகள்தான் தாளத்தைத் தள்ளிக்கொண்டு போகின்றன. சத்தத்தைக் குறைக்கிறேன் என்று மெல்லிய ஒலியை மூடிவிடும் நாய்ஸ் கேட்டை இறுக்கினால் அவை அப்படியே காணாமல் போகும். கேட்டை எடுத்துவிட்டு ஒருமுறை கேளுங்கள். நோட்டுகளைத் தாளக் கட்டத்துக்கு இழுத்து ஒட்டும் குவான்டைஸை 100 சதவீதத்தில் வைத்திருந்தால் 50க்கு இறக்குங்கள். "ஏதோ ரோபோ வாசிக்கிற மாதிரி இருக்கு" என்று வரும் விமர்சனத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதை ஈக்யூவில் தேடி அலையாதீர்கள்.

படி 2: உங்கள் அறை எங்கே ஏமாற்றுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுப் படுக்கையறை ஏறக்குறைய பத்துக்குப் பன்னிரண்டு அடி. செங்கல் சுவர், டைல்ஸ் தரை. பத்தடி என்பது சுமார் 3 மீட்டர். ஒலியின் வேகமான வினாடிக்கு 343 மீட்டரை அந்த 3 மீட்டரின் இரட்டிப்பால், அதாவது 6ஆல் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ் வருகிறது. அறை தானாகவே அதிரும் ஸ்வரம் அது. பேஸின் ஏ தந்தியைத் திறந்து வாசித்தால் 55 ஹெர்ட்ஸ். இரண்டும் பக்கத்து வீடுகள். அந்தப் பத்தடிக்கு நட்டநடுவில் உட்கார்ந்து கேட்டால் ஏ ஸ்வரமும் அதன் அக்கம்பக்கமும் மெலிந்து கேட்கும், சுவரோரம் போனால் வீங்கிக் கேட்கும். நடுவில் உட்கார்ந்தவர் "பேஸ் போதல" என்று ஏற்றிவிடுவார். பிறகு காரில் போட்டால் கதவே அதிரும்.

ஸ்பீக்கர் நோக்கும் திசை நீளத்தில், முன்சுவரிலிருந்து 38 சதவீதத் தூரத்தில் நாற்காலியைப் போடுவது பழைய கைமுறை, முதல் முயற்சிக்குப் போதும். மெத்தையைப் பின்சுவரில் சாய்த்து நிறுத்துங்கள், தரையில் கம்பளம் விரியுங்கள். இவை கைதட்டினால் 'ட்ரிங்' என்று திரும்பி வரும் எதிரொலியை அடக்கும், அடிச்சத்தத்தை (பேஸின் தாழ்ந்த ஒலியை) அல்ல. அடிச்சத்தத்தை ஹெட்போனிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: இரண்டு கோப்புகள் தயார் செய்யுங்கள்

மிக்ஸ் தெரிந்தவருக்கு ஒன்று: மாஸ்டரில் (எல்லாம் கலந்து வெளிவரும் கடைசி டிராக்கில்) லிமிட்டர், அதாவது உச்சத்தை வெட்டிச் சத்தத்தை ஏற்றும் கருவி, இல்லாமல், உச்சம் மைனஸ் 6 டிபி (டெசிபெல்) அளவில், 24 பிட் வேவ் கோப்பு. சாதாரணமாகக் கேட்பவருக்கு இன்னொன்று: லிமிட்டர் போட்டு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குப் படும் சத்தத்தின் அளவுகோல்) அளவுக்கு ஏற்றியது, 320 கேபிபிஎஸ் எம்பி3. முதல் கோப்பையே எல்லாருக்கும் அனுப்பினால், வழக்கமாகக் கேட்கும் பாட்டோடு ஒப்பிட்டு "சத்தம் கம்மியா இருக்கு" என்பார்கள், அதற்குமேல் எதுவும் வராது.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்து அனுப்புங்கள். ஸ்பீக்கரில் ஓட விட்டுக் குரல் பதிவாக அனுப்பவே கூடாது. கோப்பின் பெயரில் பதிப்பு எண் இருக்கட்டும். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் உண்மையிலேயே' என்று வைத்தால் யார் எதைக் கேட்டுச் சொன்னார் என்பது மூன்றாம் நாளே தெரியாமல் போய்விடும்.

படி 4: மூன்று காதுகள் போதும்

ஒருவர் மேடை ஒலியமைப்பாளர். கல்யாண மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் மிக்ஸர் பிடிப்பவருக்கு 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை தேங்கும் சேறு உடனே காதில் படும்.

இன்னொருவர் தாளக்காரர். செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ உறுமி மேளம் அடிக்கும் தம்பி யாரையாவது தெரிந்தால் அவரைப் பிடியுங்கள். கம்ப்ரசர் (உயர்ந்த சத்தத்தை அமுக்கிச் சமன்செய்யும் கருவி) என்றால் என்ன என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. முதல் தட்டு எங்கே விழுகிறது, எங்கே சறுக்குகிறது என்பதை அவர் தோளே சொல்லிவிடும். பேசாமல் பாட்டைப் போட்டுவிட்டு அவரைக் கவனியுங்கள்.

மூன்றாமவர் இசை வாசிக்காத, ஆனால் நிறையக் கேட்கும் ஒருவர். வீட்டு அம்மா, அக்கா வேண்டாம். அன்பு கலந்த காதை நம்பி ஈக்யூ செய்ய முடியாது.

படி 5: பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்

இப்படி எழுதிப் பாருங்கள் (பிபிஎம் என்பது நிமிடத்துக்கு எத்தனை தட்டு, கிக் என்பது காலால் அடிக்கும் பெரிய டிரம், கிளாவினெட் என்பது ஒரு மின்னணு விசைப்பலகை வாத்தியம்):

"அண்ணே, ஃபங்க் டிராக், 104 பிபிஎம், வீட்டு ரூம்ல பதிஞ்சது. 0:48லேர்ந்து 1:20 வரைக்கும் மட்டும் கேட்டாப் போதும். ரெண்டே விஷயம். கிக்கும் பேஸும் தனித்தனியா கேக்குதா, இல்ல ஒண்ணா குழையுதா? கோரஸ்ல கிளாவினெட் வந்ததும் கிட்டார் காணாம போகுதா? எதுல கேட்டீங்கன்னும் சொல்லுங்க, காரா, இயர்போனா, ஸ்பீக்கரா."

முப்பது வினாடிதான் என்றால் மாமாக் கடையில் தே தாரிக் வருவதற்குள் கேட்டுவிடலாம், பதிலும் அன்றைக்கே வரும். கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது இல்லாத பதிலில் பாதிப் பயன்தான்.

படி 6: சொன்ன வார்த்தையை அலைவரிசையாக மாற்றுங்கள்

"கொழகொழன்னு இருக்கு" என்றால் 200 முதல் 400 ஹெர்ட்ஸ். கிட்டாரிலும் கிளாவினெட்டிலும் 120க்குக் கீழே லோ-கட் (தாழ்ந்த ஒலியை வெட்டுவது) போடுங்கள், பிறகு 300 பக்கம் 2 அல்லது 3 டிபி இறக்குங்கள். "தகர டப்பா மாதிரி" என்றால் 800 முதல் 1200 வரை பாருங்கள். "காது குத்துது" என்றால் 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸ், பெரும்பாலும் ஸ்நேரும் பிராஸும் (ஊதுகருவிகளும்) அங்கே மோதுகின்றன. "தூரத்துல இருக்கு" என்றால் ரிவெர்ப் (அறை எதிரொலி விளைவு) அதிகம். ஃபங்க்குக்கு ஒரு வினாடிக்குக் குறைந்த ரூம் ரிவெர்ப் போதும்.

"மூச்சு முட்டுது", "இடிக்கவே இல்ல" என்பவைதான் சிக்கலானவை. இவை ஈக்யூ பிரச்சினையாக இல்லாமல் கம்ப்ரசர் பிரச்சினையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கணக்கு இப்படி: 15000ஐ பிபிஎம்மால் வகுத்தால் பதினாறில் ஒரு பங்கு நோட்டின் நீளம் மில்லிவினாடியில் கிடைக்கும். 104க்கு அது 144. பேஸ் கம்ப்ரசரின் ரிலீஸ் (அமுக்கியதை விட்டுவிட எடுக்கும் நேரம்) 300 என்று இருந்தால், ஒரு நோட்டை அமுக்கிய கை எழுவதற்குள் அடுத்த இரண்டு நோட்டுகள் வந்துவிடும். எல்லாம் ஒரே உயரத்தில் தட்டையாகக் கிடக்கும். ரிலீஸை 100 முதல் 140க்குள் கொண்டுவாருங்கள். அட்டாக் (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 20 முதல் 30 வரை, அப்போதுதான் விரல் தந்தியில் படும் 'டக்' தப்பிக்கும். விகிதம் 4:1, மீட்டர் 3 முதல் 5 டிபி குறைப்பைக் காட்டினால் போதும். தந்தியைக் கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் ஸ்லாப் வாசிப்பில் கட்டைவிரல் அடி மற்ற நோட்டுகளைவிட மிகவும் உயர்ந்து நிற்கும். ஒரே கம்ப்ரசரை நசுக்குவதைவிட, உச்சத்தை மட்டும் 2 டிபி பிடிக்கும் வேகமான ஒன்றை முன்னால் வைத்து, மெதுவான ஒன்றைப் பின்னால் வையுங்கள்.

"கிக்கும் பேஸும் குழையுது" என்று வந்தால், பேஸில் 60 ஹெர்ட்ஸைக் குடைந்து கிக்குக்கு இடம் கொடு என்று பல விளக்கங்கள் சொல்லும். ஒரே நோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் நடன இசைக்கு அது சரி. ஃபங்க் பேஸ் ஓரிடத்தில் நிற்காது, 41இலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை ஏறி இறங்கும். நடுவில் ஒரு பள்ளம் தோண்டினால் அந்த வழியாகப் போகும் நோட்டெல்லாம் அதில் விழும், பேஸ் வாசிப்பவர் தடுமாறுவது போலக் கேட்கும். அதற்குப் பதிலாக கிக்கின் வாலை (அடிக்குப் பின் நீளும் ஒலியை) சுருக்குங்கள். அதுவும் போதாவிட்டால், கிக் அடிக்கும் கணத்தில் மட்டும் பேஸ் 2 டிபி தணியும்படி சைடுசெயின் (ஒரு டிராக்கின் ஒலி இன்னொன்றின் கம்ப்ரசரை இயக்குவது) போடுங்கள்.

படி 7: இரண்டு பேர் எதிரெதிராகச் சொன்னால்

மைவி என்ற சிறிய காரில் கேட்டவர் "பேஸ் ஓவர்" என்கிறார். கைப்பேசியில் கேட்டவர் "பேஸே வரல" என்கிறார். இரண்டுமே சரி. மூடிய காருக்குள் அடிச்சத்தம் கூடிக் கேட்கும், கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கருக்கோ 100 ஹெர்ட்ஸ் எட்டவே எட்டாது. உங்கள் பேஸின் சக்தி முழுவதும் கீழேயே கிடக்கிறது, நடுப்பகுதியில் ஒன்றுமில்லை என்பதுதான் இருவர் பேச்சையும் கூட்டினால் கிடைக்கும் செய்தி.

பேஸ் டிராக்கை நகல் எடுங்கள். நகலில் 300க்குக் கீழே வெட்டிவிட்டு சாச்சுரேஷன் (ஒலியைச் சற்றே கரகரக்க வைக்கும் விளைவு) போடுங்கள், 700 முதல் 1200 வரை கொஞ்சம் உறுமும். அதை மூல டிராக்குக்கு அடியில், தனியாகக் கேட்காத அளவுக்கு, கலந்துவிடுங்கள். பிறகு மூல பேஸை 1 அல்லது 2 டிபி இறக்குங்கள். மோனோவிலும் (இரு பக்கத்தையும் ஒன்றாக்கி) கேட்டு, மெலிந்தால் நகலின் போலாரிட்டியை (அலையை மேல்கீழாகப் புரட்டும் பொத்தானை) மாற்றிப் பாருங்கள். காரில் சோதிப்பதானால் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுக் கேளுங்கள். ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டே கேட்டால் டயர் சத்தம் பேஸைத் தின்றுவிடும்.

படி 8: திருத்தி, மறுபடி அனுப்புங்கள்

ஒரு சுற்றுக்கு இரண்டு மாற்றம், அதிகம் போனால் மூன்று. பழைய பதிப்பையும் புதியதையும் ஒரே ஒலியளவில் மாற்றி மாற்றிக் கேளுங்கள், ஏனென்றால் 1 டிபி கூடியிருந்தாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். மற்றவர்களுக்கு அனுப்பும்போது எது புதியது என்று சொல்லாமல் 'அ', 'ஆ' என்று பெயரிட்டு அனுப்பினால் முகத்துக்காகச் சொல்லும் பதில் குறையும்.

மூன்று சுற்றுக்குப் பிறகு, "பிரிட்ஜ் நீளமா இருக்கு", "கோரஸ் ரெண்டு தடவை வரலாம்" என்று பதில் மாறத் தொடங்கும். அது பாட்டைப் பற்றிய கருத்து. மிக்ஸ் காதை உறுத்தவில்லை என்று பொருள். அப்போது லிமிட்டரை எடுத்துவிட்டு, பதிந்த அதே சாம்பிள் ரேட்டில், 24 பிட்டில், கடைசி ரிவெர்ப் அடங்கி மேலும் இரண்டு வினாடி ஓடும்படி ஏற்றுமதி செய்து, வெளியீட்டுக்கு முந்திய கடைசி மெருகான மாஸ்டரிங்குக்குக் கொடுங்கள்.