ரசீதில் தொகையைத் தமிழ் எழுத்தில் தானாக வரவைப்பது எப்படி?

காசோலையில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும். 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ரசீதிலும் 'எழுத்தால்' என்ற கோட்டை அலட்சியமாக நிரப்பக் கூடாது. எக்செல்லில் இதற்கென ஒரு சூத்திரம் உண்டு, ஆனால் அது தாய்லாந்தின் பாட் நாணயத்துக்கு மட்டும்! நமக்கு நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். மேக்ரோ (எக்செல் கோப்புக்குள் எழுதிவைக்கும் சிறு நிரல்) வேண்டாம், வேறு கணினியில் திறந்தாலே பாதுகாப்பு எச்சரிக்கை வந்து நிற்கும். ஓர் அட்டவணை போதும்.

1. தனித் தாளில் 1 முதல் 99 வரை மூன்று பத்திகள்: தனியே வருவது (இருபத்தொன்று), ஆயிரத்தோடு சேர்ந்தது (இருபத்தோராயிரம்), லட்சம், கோடிக்கு முன் வருவது (இருபத்தொரு). சந்தியைச் சூத்திரத்திடம் விடாமல் கையாலேயே தட்டச்சு செய்யுங்கள். ஒரு மாலை வேலை.

2. நூறுகளுக்கு இரண்டு பத்திகள்: நூறு, நூற்று, இருநூறு, இருநூற்று, தொள்ளாயிரம், தொள்ளாயிரத்து.

3. தொகையைக் கோடி, லட்சம், ஆயிரம், நூறு, மீதி என்று பிரியுங்கள்.

4. என்னை அதிகம் படுத்தியது இந்த இடம். பின்னால் ஏதேனும் தொடர்ந்தால் லட்சம் 'லட்சத்து' ஆகும், ஆயிரம் 'ஆயிரத்து' ஆகும், கோடி 'கோடியே' ஆகும். அதோடு 'த்து', 'ற்று' என்று முடிவதற்குப் பின் ஒற்று மிகும். நல்லவேளை, எண்ணுப் பெயர்களில் க, ச என்று தொடங்குவது எதுவுமில்லை. பத்து முதல் பத்தொன்பது வரை ப. தொண்ணூறுகளும் தொள்ளாயிரமும் த. அவ்வளவுதான். ஆகவே வலக்கோடியிலிருந்து கட்டிக்கொண்டு வாருங்கள். ஏற்கெனவே கட்டியதன் முதல் எழுத்தை 'லெஃப்ட்' சூத்திரத்தால் எடுத்தால் 'தொ' அல்ல, வெறும் 'த' கிடைக்கும். அது ப அல்லது த என்றால், புள்ளி வைத்து முன்சொல்லோடு ஒட்டுங்கள்.

2,21,915 கொடுத்துப் பாருங்கள்: இரண்டு லட்சத்து இருபத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்து.

பிற்சேர்க்கை: 1250.35இல் பைசா 34 என்று வருவதாக ஒருவர் எழுதியிருந்தார். கணினி அந்தப் பின்னத்தை ஒரு மயிரிழை குறைவாகவே வைத்திருக்கிறது. முழு எண்ணாக வெட்டும்போது ஒரு பைசா பறிபோகிறது. முதலில் நூறால் பெருக்கி, 'ரவுண்ட்' செய்து, பிறகு பிரியுங்கள்.

இன்னொருவர் 'நூற்று ஒன்று ரூபாய்' உறுத்துகிறது என்றார். உண்மைதான். ரூபாயை முன்னால் போட்டுவிட்டால் சிக்கலே இல்லை: 'ரூபாய் நூற்று ஒன்று, பைசா ஐம்பது மட்டும்'.